நிலத்தின் வில்லங்கம்: ஆலை மண்ணும் குடியிருப்பு மனையும்

வீட்டு மனை வாங்க விரும்பும் எவரும் முதன்முதலிற் செய்யும் காரியம், பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிப்பதாகும். அந்நிலத்தின் பேரில் அடமானம் உண்டா, பாகப்பிரிவினை நடந்துள்ளதா, முன்னரே யாருக்கேனும் கிரயம் செய்யப்பட்டுள்ளதா என்பனவற்றை அச்சான்று ஆண்டு வரிசையில் தெரிவிக்கின்றது. ஆனால் அந்நிலத்தில் முன்பு எவ்வகை ஆலை இருந்தது, அதன் கழிவு எங்கே கொட்டப்பட்டது, அக்கழிவு இன்னும் மண்ணிற் தங்கியுள்ளதா என்பனவற்றை அது தெரிவிப்பதில்லை. கடன் வில்லங்கமெனில் நஞ்சும் வில்லங்கமே. சொல்லப்போனால் கடனை அடைத்துவிடலாம். மண்ணிற் கலந்த நஞ்சை அவ்வளவு எளிதில் அடைக்கவியலாது. ஆலை நிலங்கள் குடியிருப்புப் பகுதிகளாக மாறிவரும் இக்காலத்தில், இந்த இரண்டாவது வில்லங்கத்தையும் பத்திரத்தில் ஏற்றுவது இன்றியமையாதது என்பதே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து.

நீர்க்கரையும் ஆலையும்

பெரும்பாலான ஆலைகள் ஆற்றங்கரையிலோ, ஏரிக்கரையிலோ, கடற்கரையிலோ அமைந்ததற்குக் காரணம் வெளிப்படையானது. உற்பத்திக்கு நீர் வேண்டும். கொதிகலனுக்கு நீர் வேண்டும். சரக்கை ஏற்றியிறக்க வழி வேண்டும். இறுதியாக, கழிவை விடுவதற்கும் ஓடும் நீர் வேண்டும். ஆலை தோன்றிய நாளில் அவ்விடம் ஊருக்கு வெளியே இருந்தது. ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் ஊர் வளர்ந்து ஆலையைச் சூழ்ந்துகொள்கிறது. ஆலை நலிந்து மூடப்படுகிறது. அப்பொழுது, முன்பு எவரும் விரும்பாத அந்நீர்க்கரையே காற்றும் காட்சியும் உடைய சிறந்த குடியிருப்பிடமாக மதிப்புயர்கிறது. இலண்டன் நகரின் பழைய கப்பல் துறைகள் இவ்வாறே 1980களுக்குப் பின்னர் உயர்ந்த மாளிகைகளாக மாறின.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஹோம்புஷ் வளைகுடாவையொட்டிய ரோட்ஸ் என்னும் பகுதியும் இத்தகையதே. அங்கே களைக்கொல்லி மருந்துகளைத் தயாரித்த இரசாயன ஆலையொன்றின் கழிவிலிருந்து டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு மண்ணிலும் வளைகுடாவின் அடிச்சேற்றிலும் படிந்தது. பின்னாளில் அம்மண் தோண்டப்பட்டு, உயர்ந்த வெப்பத்தில் சுத்திகரிக்கப்பட்டு, அவ்விடத்தில் அடுக்கு வீடுகள் எழுந்தன. நிலம் வாழத் தகுந்ததாயிற்று. ஆயினும் நீரின் கதை அவ்வளவில் முடியவில்லை. மீன்களில் டயாக்சின் காணப்பட்டதால் 2006ஆம் ஆண்டில் சிட்னித் துறைமுகத்தில் வாணிக மீன்பிடிப்பு முழுவதும் நிறுத்தப்பட்டது. கரையைத் தூய்மை செய்வதும் நீரைத் தூய்மை செய்வதும் ஒரே காரியமன்று என்பதை வாசகர்கள் இங்கே கருத்திற் கொள்ள வேண்டும். மனையின் எல்லைக்கல் மண்ணைப் பிரிக்கும், நீரைப் பிரிக்காது.

அண்டை ஊரின் பாடம்

இவை தொலைநாட்டுச் செய்திகள் என்று சித்தூர்வாசிகள் எண்ணிவிடலாகாது. 1911ஆம் ஆண்டில் தனி ஜில்லா அமைக்கப்படும் வரை வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரமாக விளங்கியது சித்தூரே. சித்தூர் நகரினூடே ஓடும் நீவா ஆறு, தமிழ்நாட்டில் பொன்னை ஆறு என்னும் பெயர் பெற்று, திருவலத்தைக் கடந்து பாலாற்றிற் கலக்கின்றது. அப்பாலாற்றுப் படுகையில் அமைந்துள்ள தொழில் நகரம் இராணிப்பேட்டை.

அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் ஆலை, தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புக்களை 1970களின் நடுப்பகுதியிலிருந்து தயாரித்து வந்தது. 1990களின் நடுவில் அது மூடப்பட்டது. உரிமையாளர் விட்டுச் சென்றது கட்டடங்களை மட்டுமன்று. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவையும் திறந்த வெளியில் விட்டுச் சென்றனர். கால் நூற்றாண்டுக்கு மேலாக அக்குவியல் வெயிலிலும் மழையிலும் அங்கேயே கிடந்தது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

இக்கழிவின் தன்மையைச் சிறிது விளக்குதல் நலம். குரோமியத் தாதுவைச் சோடா உப்புடனும் சுண்ணாம்புடனும் சேர்த்து வறுத்து, வேண்டிய உப்பை நீரில் கரைத்தெடுத்தபின் எஞ்சுவது இச்சக்கை. குரோமியம் இரு வடிவங்களிற் காணப்படும். மூன்று இணைதிறன் உடையது நீரில் எளிதிற் கரையாது; நஞ்சும் குறைவு. ஆறு இணைதிறன் உடையதோ நீரில் நன்கு கரையும், மஞ்சள் நிறமுடையது, புற்றுநோயை உண்டாக்க வல்லது. சக்கையினுள் அகப்பட்டிருக்கும் இரண்டாவது வடிவம், ஒவ்வொரு மழைக்கும் சிறிது சிறிதாகக் கசிந்து வெளியேறுகிறது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இத்தகைய குவியல் பல தலைமுறைகளுக்கு அந்த அளவை மீறிக்கொண்டிருக்கக் கூடியது.

இராணிப்பேட்டைக் கழிவு ஆற்றோட்டத்திற்கு எதிராக ஏறிச் சித்தூரை அடையப் போவதில்லை. நாம் கவனிக்க வேண்டியது பாறையின் ஒற்றுமையை. இரு ஊர்களின் அடியிலும் இருப்பது கடினப் பாறை. அதில் நீர் மணலிற் போலச் சீராகப் பரவுவதில்லை. வெடிப்புக்களின் வழியே ஓடுகிறது. ஆதலின் ஆலைக்கு அருகிலுள்ள கிணறு நல்ல நீருடையதாயிருக்க, அதற்கப்பாலுள்ள கிணறு கெட்டிருக்கலாம். ஒரு கிணற்றைச் சோதித்துவிட்டு ‘இப்பகுதி நீர் நன்று’ என்று எழுதும் அறிக்கை நமது பிரதேசத்திற்குப் பொருந்தாது.

அதே கழிவு, வேறொரு முடிவு

இராணிப்பேட்டையில் கிடப்பதைப் போன்ற அதே சக்கை, அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரிலும் மலைபோற் குவிந்தது. 1905 முதல் 1976 வரை அவ்வட்டாரத்திற் குரோமிய ஆலைகள் இயங்கின. சக்கையை நல்ல மண்ணென்று கருதிப் பள்ளங்களை நிரப்பவும், கட்டட அடித்தளம் போடவும் பயன்படுத்தினர். ஹாக்கன்சாக் ஆற்றங்கரைச் சதுப்பில் 34 ஏக்கர் பரப்பில் மட்டும் சுமார் 15 லட்சம் டன் கொட்டப்பட்டிருந்தது.

மேலே மூடி போட்டால் போதும் என்பது பழைய ஆலையின் வாரிசு நிறுவனமான ஹனிவெல் கம்பெனியின் வாதம். ஆனால் இச்சக்கைக்கு நாளடைவில் வீங்கியெழும் இயல்புண்டு; அது தன் மேலிடப்பட்ட மூடியையே பிளந்தது; ஆற்றிலும் கசிவு நிற்கவில்லை. அப்பகுதி மக்கள் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், கழிவு முழுவதையும் தோண்டி அகற்றவேண்டுமென்று 2003ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. செலவு கம்பெனியைச் சார்ந்தது. கழிவு அகற்றப்பட்ட அந்நிலமும் அதனையடுத்த நிலமுமாகச் சுமார் 100 ஏக்கரில், 8,000 வீடுகளைக் கொண்ட ஆற்றங்கரைக் குடியிருப்பு ஒன்று திட்டமிடப்பட்டது. அவ்வீடுகளில் 35 சதவீதம் குறைந்த வருவாயினருக்குக் கட்டுப்படியாகும் விலையில் அமையவேண்டும் என்பதும் அந்நகரசபையின் முடிவு.

இந்தக் கடைசி ஏற்பாடு சிந்திக்கத்தக்கது. நஞ்சு கிடந்த காலமெல்லாம் அதன் அருகே வாழ்ந்தவர்கள் ஏழைகள். தூய்மை செய்யப்பட்டபின் அங்கே வந்து வாழ்பவர்கள் செல்வர்கள் மட்டுமே என்றால், அதனை அபிவிருத்தி என்று எவ்வாறு அழைப்பது? கிணறு கெட்டுப் பயிர் இழந்த குடும்பத்திற்கு, மீட்கப்பட்ட நிலத்தில் முதற்பங்கு கிடைக்கவேண்டும்.

பத்திரத்தில் நின்றுபோன எச்சரிக்கை

ஆசிரியர்கள் சிறப்பாக அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி லவ் கால்வாய் என்னும் இடத்தில் நடந்தது. நயாகரா நகரில், பாதியில் கைவிடப்பட்ட பழைய கால்வாயொன்றில், ஹூக்கர் என்னும் இரசாயனக் கம்பெனி 1942 முதல் சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்து மண்ணிட்டு மூடியது. 1953இல் அந்நிலத்தை அந்நகரப் பள்ளிக் கல்விக் குழுவிற்கு ஒரே ஒரு டாலர் விலைக்குக் கிரயம் செய்தது. இரசாயனக் கழிவு புதைக்கப்பட்டுள்ளது என்றும், அதனால் நேரும் தீங்கிற்குத் தான் பொறுப்பன்று என்றும் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இருந்தும் அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது. அதனைச் சுற்றி வீடுகள் எழுந்தன. வீடு வாங்கிய குடும்பங்களுக்கு அவ்வாசகம் தெரிவிக்கப்படவில்லை. பெருமழையால் நிலத்தடி நீர் உயர்ந்து, நிலவறைகளிலும் தோட்டங்களிலும் இரசாயனம் ஊறி வெளிவந்தபின்பே உண்மை தெரிந்தது. 1978இல் அந்நாட்டு ஜனாதிபதி அங்கு நெருக்கடி நிலையை அறிவித்தார். குடும்பங்கள் வேற்றிடம் சென்றன. அதன் விளைவாகவே 1980இல், மாசடைந்த நிலங்களைத் தூய்மை செய்வதற்கான தனிச் சட்டம் அங்கே பிறந்தது.

இங்கே எச்சரிக்கை எழுதப்படாமலில்லை. எழுதப்பட்டது முதற் பத்திரத்துடன் நின்றுபோயிற்று. எச்சரிக்கை நிலத்தோடு பயணம் செய்யவேண்டும். கைமாறும்பொழுதெல்லாம் உடன் கைமாற வேண்டும். அடமானம் அவ்வாறுதான் பயணம் செய்கிறது.

சொல்லும் பொருளும்

மொழிபெயர்ப்புப் பணியிலுள்ளவன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். இத்தகைய நிலத்தை ஆங்கிலத்தில் ‘பிரவுன்ஃபீல்டு’ என்பர். அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் ‘பழுப்பு வயல்’ என்றெழுதினால், படிப்பவர் செம்மண் பூமியையோ அறுவடையான கழனியையோ நினைத்துக்கொள்வார். ‘மறு அபிவிருத்திக்குரிய நிலம்’ என்றெழுதினால் ஆபத்து அறவே மறைந்துவிடும். ‘கறைபட்ட நிலம்’ என்பதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. கறை என்றால் கழுவ வேண்டும் என்பது எவருக்கும் விளங்கும். கழுவினால் நீங்கக்கூடும் என்பதும் விளங்கும். விளம்பரத்தில் ‘ஆற்றோர நகர்’ என்றும் ‘ஏரிக் காட்சி’ என்றும் அழகிய பெயர்கள் வருகின்றன. வேண்டாமென்று எவரும் தடுக்கவில்லை. அப்பெயரின் கீழ் நிலத்தின் பழைய பெயரும் பழைய தொழிலும், வாங்குவோர் படிக்கும் மொழியில் இருக்கவேண்டும். சித்தூர்ப் பகுதியில் அது தெலுங்கிலும் தமிழிலும் இருத்தல் நன்று.

சித்தூரும் திருப்பதியும்

சித்தூரிலும், ரேணிகுண்டாவையடுத்த காஜுலமண்டியத்திலும் இருந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் அரைவை நின்றுபோயிற்று. ஒரு காலத்திற் புகழ்பெற்றிருந்த சித்தூர்க் கூட்டுறவுப் பாற்பண்ணை 2002இல் மூடப்பட்டது. இவ்விடங்களில் நஞ்சு உண்டென்று இங்கே கூறப்படவில்லை. சர்க்கரை ஆலையின் கழிவும் பாற்பண்ணையின் கழிவும் பெரும்பாலும் உயிர்ப்பொருள்கள். நுண்ணுயிர்கள் அவற்றைக் காலப்போக்கில் சிதைத்துவிடும். குரோமியமும் ஈயமும் அவ்வாறு சிதைவதில்லை. ஆயினும் எந்த ஆலையிலும் எண்ணெய்க் கிடங்கு, கொதிகலன் சாம்பல், மின்மாற்றி மேடை, இரசாயன அறை ஆகியன இருந்திருக்கும். அவ்விடங்களைச் சோதித்து, தூய்மையானதைத் தூய்மையானதென்று எழுதிவைப்பதும் சோதனையின் பயனே. குற்றமற்ற நிலத்தின் மீதுள்ள ஐயத்தைப் போக்கவும் அதுவே வழி.

திருப்பதியோ நாள்தோறும் வளரும் நகரம். 2022இல் தனி ஜில்லாவின் தலைநகரமாகவும் ஆயிற்று. ரேணிகுண்டா, காஜுலமண்டியம் தொழிற்பேட்டைகள் சுவர்ணமுகி ஆற்றுப் படுகையில் உள்ளன. அவற்றை நோக்கி வீட்டு மனைகளும் நெருங்கி வருகின்றன. 2021ஆம் ஆண்டு நவம்பரிற் பெய்த பெருமழையில் நகரின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின, சுவர்ணமுகி கரைபுரண்டது, இராயலசெருவு ஏரிக்கரையிற் கசிவு கண்டு, கீழேயுள்ள கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர். அத்தகைய வெள்ளம் கறைபட்ட நிலத்தின் மீது பாயுமானால், ஓரிடத்தில் கிடந்தது பல இடங்களுக்குப் பரவும். மற்ற மனைக்கு ஒருமுறை எண்ணினால், ஆற்றங்கரை மனைக்கு இருமுறை எண்ண வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

மறுப்புக்களும் விடையும்

பத்திரத்தில் இவ்வாறு எழுதினால் நிலத்தின் விலை விழுந்துவிடும். சிறிய உரிமையாளர் நஷ்டமடைவர் என்று சிலர் கூறுவர். விலை விழுவது உண்மையே. ஆனால் எழுதாமல் விடுவதனால் அந்நஷ்டம் மறைவதில்லை. கடைசியில் வாங்குபவர் தலையில் விழுகிறது. அவர் பெரும்பாலும் சேமநிதியை எடுத்தும் வங்கியிற் கடன்பட்டும் வீடு கட்டும் சாதாரணக் குடும்பத்தார். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை, 1996ஆம் ஆண்டில் வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய கொள்கையாகும். மாசு செய்தவர் மறைந்துவிட்ட இடங்களில் அரசாங்கமே பொறுப்பேற்பது நியாயம்.

இனி, ஆலை இருந்த இடத்தில் எக்காலத்தும் குடியிருப்பே கூடாது என்பார் வேறு சிலர். இதுவும் ஏற்கத்தக்கதன்று. நகரத்தினுள் இருக்கும் ஆலை நிலத்தைப் பாழாக விட்டுவிட்டால், வீடுகள் விளைநிலத்தையும் ஏரிப்புறம்போக்கையும் நாடிச் செல்லும். நஞ்சு கிடக்கும் இடமும் வேலிக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. தூய்மை செய்து பயன்படுத்துவதே சிறந்தது. ஆனால் வரிசை மாறக்கூடாது: முதலிற் பதிவு, பிறகு சோதனை, பிறகு சுத்தி, அதன் பின்னரே மனைப்பிரிவுக்கு அனுமதியும் விற்பனையும். இன்று பல இடங்களில் விற்பனை முதலிலும் நோய் பின்னரும் சோதனை கடைசியிலும் வருகின்றன.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியவை

மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கான விதிகளை மத்திய அரசாங்கம் 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளியிட்டது. ஐயத்திற்குரிய இடங்களைப் பற்றி உள்ளாட்சி அமைப்போ ஜில்லா நிர்வாகமோ ஆறு மாதங்களுக்கொருமுறை அறிக்கை தரவும், அதன்பேரில் முதற்கட்ட ஆய்வும் விரிவான ஆய்வும் நடத்தவும் அவை வகைசெய்கின்றன. அறிக்கை எழுதுவது கீழ்நிலையில் உள்ள ஊழியரின் கண்ணையும் காதையும் பொறுத்தது. விதி எவ்வளவு சிறந்ததாயினும், ஊரில் உள்ளவர் சொல்லாததை மேலிடத்தில் உள்ளவர் அறியமுடியாது.

களப்பணியாளர் ஓர் ஆலை நிலத்திற்குச் செல்லுங்கால் சில கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே தயாரிக்கப்பட்டது யாது? மூலப்பொருள்கள் யாவை? கழிவு எந்தக் குழியில், எந்த ஓடையில் விடப்பட்டது? மழைநீர் எத்திசை செல்கிறது? எந்தக் கிணற்று நீரின் நிறமோ சுவையோ மாறியதாக ஊரார் கூறுகின்றனர்? புல்லும் முளைக்காத திட்டு உண்டா? மண்ணில் மஞ்சள் அல்லது பச்சை நிறப் பூப்பு உண்டா? மண் மாதிரியை மேற்பரப்பில் மட்டும் எடுக்காமல் ஆழத்திலும் எடுக்கச் செய்ய வேண்டும். கிணற்று நீரை நான்கு திசைகளிலும், மழைக்கு முன்னும் பின்னும் சோதிக்கச் செய்ய வேண்டும். வெறுங்கையால் தொடுவதும், சுவைத்துப் பார்ப்பதும் கூடவே கூடாது.

ஆசிரியர்களின் பணி வேறுவகையானது. வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஊரின் நில வரலாற்று வரைபடம் ஒன்றைத் தயாரிக்கலாம். கிராமப் புலப்படமும் அடங்கலும் எந்த சர்வே எண்ணில் எந்த ஏரி, எந்த ஓடை இருந்தது என்பதைக் காட்டும்; ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள், கழிவு எங்கே போயிற்று என்பதைக் கூறுவர். ஓய்வுபெற்ற தொழிலாளியின் நினைவு பல சமயங்களில் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைவிட முழுமையானது. அப்பெரியவர்கள் இருக்கும்பொழுதே அதனை எழுதிக்கொள்ளவேண்டும். ஆனால் மாணவர்களை ஆலை நிலத்திற்குள் அழைத்துச் செல்வதோ, அவர்களைக் கொண்டு மண் சேகரிப்பதோ தகாது. கேட்டு எழுதுவதும் படம் வரைவதுமே அவர்கள் பங்கு. தயாரான வரைபடத்தின் பிரதியொன்று பள்ளியிலும், மற்றொன்று பஞ்சாயத்து அல்லது நகரசபை அலுவலகத்திலும் இருக்கட்டும்.

பத்திரப் பதிவு முறையிற் புதிய பத்தியொன்றைச் சேர்ப்பது அரசாங்கத்தின் கையில் உள்ள காரியம். ‘இந்நிலத்தின் முந்தைய தொழிற் பயன்; சோதனை நடந்த தேதி; முடிவு’ என்ற மூன்று வரிகள் போதும். அப்பத்தி வரும்வரை காத்திராமல், அதில் எழுதவேண்டிய விவரங்களை இப்பொழுதே சேகரிக்கத் தொடங்குவது நம் கையில் உள்ளது. அடுத்த அரையாண்டு அறிக்கைக்குத் தம் ஊரிலுள்ள மூடிய ஆலைகளில் ஒன்றைப் பற்றியேனும் முழு விவரம் எழுதியனுப்ப வேண்டுமென்று களப்பணியாளர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறோம். பின்னாளில் அந்நிலத்தில் வீடு கட்டிக் குடியேறும் குடும்பத்திற்கு, அதைக்காட்டிலும் பயனுள்ள உதவியை வேறெவரும் செய்துவிட முடியாது.